டவுன்லைட் போடப் போறீங்களா? பழைய வீட்டு சிலிங்கில் துளை போடும் முன் இதைப் பாருங்க

தீபாவளிக்கு வீட்டைப் புதுப்பிக்கும் பட்டியலில் பெயிண்டுக்கு அடுத்து இப்போது வருவது சமையலறை விளக்கு. நடுவில் தொங்கும் ஒற்றைக் குழல் விளக்கைக் கழற்றிவிட்டு, சிலிங்குக்குள் பதியும் வட்ட வட்டமான எல்இடி டவுன்லைட் போட வேண்டும் என்பது பல வீடுகளில் ஆசை. கோலாலம்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் ஆன்லைனில் ஆறு விளக்கு வாங்கி, ஈப்போவில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 'பக்கத்து வீட்டு அண்ணன் மாட்டிக் கொடுப்பார்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஆசையில் தப்பில்லை. வயதாக ஆகக் கண்ணுக்கு அதிக வெளிச்சம் தேவை. 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய 3-ல் ஒரு பங்குதான். மங்கலான சமையலறையில் கத்தியும் கொதிக்கும் எண்ணெயும் ஈரத் தரையும் அம்மா, பாட்டிமார்களுக்கு நிஜமான ஆபத்து. அதைக் குறைக்கத்தான் விளக்கை மாற்றுகிறோம். ஆனால் துளை போடப் போகும் சிலிங் எவ்வளவு பழையது, அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மாற்றினால், ஒரு ஆபத்தை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய ஒன்றைக் கூரைக்குள் வைத்த மாதிரி ஆகிவிடும்.

பேராக் வீடுகளில் அப்படி என்ன வித்தியாசம்?

பேராக் ஆற்றின் செண்டேரோ அணை 1930-லேயே மின்சாரம் தரத் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கிடைத்தாலும், ரப்பர் தோட்டத்து லயங்கள் பலவற்றில் வெகு காலம் மண்ணெண்ணெய் விளக்குதான். பிறகு வந்தது நிர்வாகத்தின் ஜெனரேட்டர். அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும். தோட்டங்கள் மூடப்பட்டும் விற்கப்பட்டும் போக, பல குடும்பங்கள் சுங்கை சிப்புட், பீடோர், பத்து காஜா, ஈப்போ பக்கத்துத் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் குடிவந்தன.

அதனால் இன்று நாம் 'அம்மா வீடு' என்று சொல்வதில் பல வகை உண்டு. ஈப்போ பழைய நகரத்துக் கடை வீடுகள் போருக்கு முந்தியவை. புந்தோங் போன்ற பகுதிகளில் பலகையும் கல்லும் கலந்து கட்டிய வீடுகளைப் பார்க்கலாம். 1970, 80-களின் தாமான் வீடுகளில், பின்பக்கம் ஜிங்க் கூரை போட்டு நீட்டிய சமையலறை இருக்கும். சில இடங்களில் பழைய லயத்து வீடுகளிலேயே குடும்பங்கள் இன்னும் வாழ்கின்றன. யூடியூப் வீடியோக்களில் வருவதோ பெரும்பாலும் புதிய பிளாஸ்டர் சிலிங்கும் புதிய வயரும் உள்ள வீடு. அதை அப்படியே இங்கே செய்துவிட முடியாது.

முதல் கேள்வி: உங்கள் சிலிங் எதனால் ஆனது?

பிளாஸ்டர் சிலிங் என்றால் வேலை சுலபம். மேலே குறைந்தது விளக்கின் உயரமும் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் இடமும் இருந்தால் போதும். சட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, அதைத் தவிர்த்துத் துளை போடலாம்.

பலகை சிலிங்கில் கவனம் இரு மடங்கு தேவை. காய்ந்த பழைய பலகை தீப்பிடிக்கக் கூடியது. சூடாகும் விளக்கோ தளர்ந்த இணைப்போ அதைத் தொட்டபடி இருக்கக் கூடாது.

சாம்பல் நிறத்தில், கெட்டியாக, சட்டம் சட்டமாக ஆணி அடித்த சிமெண்ட் தகடு என்றால், அங்கேயே நில்லுங்க. பழைய வீடுகளில் இப்படிப்பட்ட தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தகடு உடையாமல் இருக்கும்வரை இழைகள் பெரும்பாலும் உள்ளேயே அடங்கியிருக்கும். வட்ட ரம்பத்தால் ஆறு துளை போட்டால், அந்தத் தூசு அடுப்பிலும் பாத்திரத்திலும் நுரையீரலிலும் படியும். நோய் வெளியே தெரிய பல பத்து ஆண்டுகள் ஆகலாம். வெறும் கண்ணால் பார்த்து 'இது அது இல்லை' என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடச் சோதனைதான் சொல்லும். சந்தேகம் இருந்தால் அந்தத் தகட்டில் துளை வேண்டாம்.

ஜிங்க் கூரைக்கு அடியில் சிலிங்கே இல்லாத சமையலறை, கான்கிரீட் தளம் இருக்கும் சமையலறை இவற்றுக்கும் பதிக்கும் விளக்கு பொருந்தாது. வெளியே ஒட்டினாற்போல் பொருத்தும் வட்ட எல்இடி விளக்கு அல்லது எல்இடி குழல் விளக்கு போடுங்க. வெளிச்சம் அதேதான். அழகில் கொஞ்சம் குறையலாம், பாதுகாப்பில் குறையாது.

இன்னொன்று: சிலிங்கில் மஞ்சள் கறை, ஊதிப்போன இடம் தெரிந்தால் கூரை ஒழுகுகிறது என்று அர்த்தம். முதலில் ஒழுகலை அடைக்கணும். விளக்கு அப்புறம்தான்.

சிலிங்குக்கு மேலே என்ன ஓடுகிறது?

நம் தாத்தா பாட்டி வெட்டிய பாலில் இருந்து வந்த ரப்பர் எங்கே போனது? டயருக்கு மட்டும் இல்லை. பிவிசி வருவதற்கு முன் மின்கம்பிகளுக்கு உறையாக இருந்ததும் ரப்பர்தான். பழைய கடை வீடுகளில் அந்தக் கம்பிகள் இன்னும் கிடக்கலாம். பல ஆண்டு வெப்பத்தில் அந்த ரப்பர் காய்ந்து, தொட்டாலே உதிரும். பார்க்க நன்றாக இருக்கும். வளைத்த உடனே வெடித்து உள்ளே இருக்கும் செம்பு தெரியும். இப்படிப்பட்ட கம்பியில் புதிய விளக்கை இணைக்கவே கூடாது. மாற்ற வேண்டியது வயரிங்.

பிவிசி வயர் உள்ள வீடுகளிலும் எலி கடித்த இடம், டேப் மட்டும் சுற்றிய பழைய இணைப்பு, வயதால் இறுகிப்போன உறை எல்லாம் சகஜம். வீடுகளில் விளக்குக்குப் பொதுவாகப் போடுவது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். டிபி பாக்ஸில் அதற்கு 6 ஆம்பியர் எம்சிபி.

இங்கே பலர் தப்பாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம். 'நிறைய விளக்கு போட்டால் லோடு ஏறித் தீப்பிடிக்கும்' என்று பயப்படுகிறார்கள். கணக்குப் பாருங்க: 6 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். நான்கு 12 வாட் எல்இடி சேர்ந்தாலும் 48 வாட்தான். லோடு ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை இணைப்பில்.

தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடும், அந்த ஒரு புள்ளி மட்டும் சூடாகும். கரண்ட் அளவு கூடாததால் எம்சிபிக்கு அது தெரியாது. கரண்ட் பூமிக்குக் கசியாததால் ஆர்சிசிபிக்கும் தெரியாது. கீழே விளக்கு அழகாக எரிந்துகொண்டிருக்கும். மேலே பலகைக்குப் பக்கத்தில் அந்தப் புள்ளி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். அதனால்தான் கம்பியை முறுக்கி டேப் சுற்றும் வேலையை ஏற்காதீங்க. இணைப்புகள் எல்லாம் முறையான கனெக்டரில், மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

நீல வயர்: பல பேர் ஏமாறும் இடம்

வாங்கும் எல்இடி டவுன்லைட்டின் டிரைவரில் பெரும்பாலும் பழுப்பு, நீலம் என்று இரண்டு வயர் இருக்கும். சர்வதேச முறையில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். ஆனால் மலேசிய வீடுகளின் வயரிங்கில் லைவ் சிவப்பாகவோ மஞ்சளாகவோ நீலமாகவோ இருக்கலாம், நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை அல்லது பச்சை-மஞ்சள்.

அப்படின்னா, சிலிங்கில் இருந்து வரும் நீலம் லைவாக இருக்கலாம், விளக்கில் இருந்து வரும் நீலம் நியூட்ரல். 'நீலத்தோடு நீலம்' என்று சேர்த்தாலும் விளக்கு பல நேரம் எரியும். அதுதான் ஏமாற்று. நிறத்தை நம்பாமல் மீட்டரில் சோதித்த பிறகே இணைக்க வேண்டும்.

பழைய வீடுகளில் சுவிட்ச் லைவ் கம்பியில் இல்லாமல் நியூட்ரலில் இருப்பதும் உண்டு. அப்போது சுவிட்சை அணைத்தாலும் விளக்குப் பக்கம் லைவ் இருந்துகொண்டே இருக்கும். எல்இடி போட்ட பிறகு, அணைத்தும் இரவில் மெல்லிசாக மினுங்குகிறதா? அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இதுவும் ஒன்று. வயர்மேனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

எர்த் விஷயமும் முக்கியம். உலோக உடல் கொண்ட சில விளக்குகளுக்கு எர்த் வயர் கட்டாயம். பழைய விளக்கு வயரிங்கில் எர்த்தே இல்லாமல் இருக்கலாம். விளக்கில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு கொண்டது. அதற்கு எர்த் தேவையில்லை. குறி இல்லை, எர்த்தும் இல்லை என்றால் அந்த விளக்கு அந்த வீட்டுக்கு வேண்டாம்.

எத்தனை விளக்கு போதும்?

வாட்டைப் பார்க்காதீங்க, லூமனைப் பாருங்க. வாட் என்பது சாப்பிடும் மின்சாரம். லூமன் என்பது கொடுக்கும் வெளிச்சம்.

உதாரணம்: 3 மீட்டருக்கு 3 மீட்டர் சமையலறை, அதாவது 9 சதுர மீட்டர். பொது வெளிச்சமாக 200 லக்ஸ் வைத்துக்கொள்வோம். 9-ஐ 200-ஆல் பெருக்கினால் 1,800 லூமன். சுவர் உறிஞ்சுவது, எண்ணெய்ப் புகை படிவது, நாள்பட மங்குவது என்று ஏறக்குறைய பாதி வீணாகும். ஆகவே 3,600 லூமன் தேவை. ஒரு 12 வாட் எல்இடி டவுன்லைட் சுமார் 1,000 லூமன் தரும். நான்கு விளக்கு போதும். ஆன்லைன் செட்டில் பத்து வருகிறது என்பதற்காகப் பத்து துளை போட வேண்டியதில்லை.

நறுக்கும் இடத்துக்கு மட்டும் இன்னும் கூடுதல் வெளிச்சம் தேவை. அதற்குச் சுவர் அலமாரிக்கு அடியில் ஒரு எல்இடி பட்டை விளக்கு போட்டால் போதும்.

எங்கே பொருத்துவது?

சிலிங் நடுவில் வரிசையாகப் போட்டால் பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் அடுப்பைப் பார்த்து நிற்பவருக்கு விளக்கு முதுகுக்குப் பின்னால். அவர் நிழல் அவர் கை மேலேயே விழும். பழைய குழல் விளக்கில் இருந்த அதே குறை, புதுச் செலவில்.

மேடையின் ஆழம் வழக்கமாக 60 சென்டிமீட்டர். விளக்கின் நடுப்புள்ளி சுவரில் இருந்து ஏறக்குறைய அந்தத் தூரத்தில், மேடை விளிம்புக்கு நேர் மேலே வந்தால் வெளிச்சம் பலகையில் விழும். விளக்குக்கு விளக்கு 1.2 முதல் 1.5 மீட்டர் இடைவெளி விடலாம். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம். தாளிக்கும் புகையும் ஆவியும் நேராக விளக்குக்குள் ஏறும்.

பெட்டியில் எதைப் படிக்கணும்?

- நிறம்: 3000 கெல்வின் மஞ்சள், 4000 நடுநிலை வெள்ளை, 6500 நீலம் கலந்த வெள்ளை. சமையலுக்கு 4000 பலருக்கும் பிடிக்கும். எதை எடுத்தாலும் எல்லா விளக்கும் ஒரே எண்ணாக இருக்கட்டும்.
- சிஆர்ஐ: பொருளின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு. 80-க்குக் குறையாமல், முடிந்தால் 90. மீன் புதுசா, கோழி உள்ளே வெந்ததா என்று கண்தானே பார்த்துச் சொல்கிறது!
- ஐபி எண்: ஆவி படும் இடத்துக்கு ஐபி44 நல்லது.
- துளை அளவு: வெளிவட்ட அளவு வேறு, துளை அளவு வேறு. வெளிவட்டத்தைப் பார்த்து வெட்டினால் விளக்கு துளை வழியாகக் கீழே விழும்.
- கண்கூச்சம்: கண்புரை உள்ளவர்களுக்குக் கூச்சம் அதிகம். ஒளிச்சில்லு நேரடியாகத் தெரியாமல், உள்ளே தள்ளியோ பால்வெள்ளை மூடியோடோ இருக்கும் வகையை எடுங்க.
- முத்திரை: வயர், எம்சிபி, ஆர்சிசிபி போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மின்பொருட்களில் சிரிம், எரிசக்தி ஆணைய முத்திரை இருக்கிறதா என்று பாருங்க. மலிவாகக் கிடைக்கும் முத்திரை இல்லாத பொருளில் பிரச்சினை வந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

உங்கள் சமையலறையில் பழைய 50 வாட் ஹாலோஜன் டவுன்லைட் இருந்தால், அதை மாற்றுவதுதான் முதல் வேலை. ஹாலோஜன் மிகக் கடுமையாகச் சூடாகும். நான்கு ஹாலோஜன் 200 வாட். தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 30 யூனிட். நான்கு 12 வாட் எல்இடிக்கு 7.2 யூனிட்தான். குழல் விளக்குக்கும் காலம் முடிகிறது: அதில் பாதரசம் இருப்பதால், 2027-க்குள் அதன் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-ல் முடிவெடுத்தன. கழற்றிய குழலை உடைத்துக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்க.

யார் செய்யலாம்?

எரிந்துபோன பல்பை அதே இடத்தில் மாற்றுவது நீங்களே செய்யக்கூடியது. புதிய விளக்குப் புள்ளி சேர்ப்பது, வயர் நீட்டுவது, மாற்றுவது எல்லாம் வயரிங் வேலை. 1990-ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டமும் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளும் அதைப் பதிவு பெற்ற மின் குத்தகையாளர், தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் வழியாகச் செய்யச் சொல்கின்றன.

வயரிங் வேலை முடிந்ததும் இரண்டு படிவங்கள் உண்டு. போராங் ஜி, மேற்பார்வையும் வேலை நிறைவும் பற்றிய சான்று. போராங் எச், சோதனைச் சான்று. 'ஜி, எச் கொடுப்பீங்களா அண்ணே?' என்று விலை பேசும்போதே கேளுங்க. பதிவு பெற்றவர் தயங்காமல் பதில் சொல்வார். அந்தக் கேள்விக்கே எரிச்சல் படுபவரை உங்கள் அம்மா வீட்டுக் கூரைக்குள் ஏற்ற வேண்டாம்.

கூரைக்குள் நடக்கும் வேலை ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஆஸ்திரேலியாவில் வீட்டுக் கூரைகளுக்குள் வெப்பக்காப்பு பதிக்க அரசு ஒரு பெரிய திட்டத்தை அவசரமாக நடத்தியது. 2009, 2010-ல் அந்த வேலையில் 4 இளைஞர்கள் உயிரிழந்தார்கள். 3 பேர் மின்சாரம் தாக்கி, ஒருவர் வெப்பத்தால். பயிற்சியும் மேற்பார்வையும் போதாமல் போனதை அங்கே அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம் 2014-ல் விரிவாகப் பதிவு செய்தது. நம் ஊர் ஜிங்க் கூரைக்கு அடியில் மதியம் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்க.

வேலை நடக்கும்போது விளக்கு சுவிட்சை அணைத்தால் போதாது. டிபி பாக்ஸில் மெயின் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி வீட்டில் எல்லாரிடமும் சொல்லி, மீட்டரில் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்த பிறகே கை வைக்கணும். கூரைக்கு அடியில் அலுமினியப் படலம் விரித்திருந்தால் அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். வெப்பக்காப்புப் பஞ்சு இருந்தால் விளக்கையும் டிரைவரையும் அதற்குள் புதைக்கக் கூடாது. எல்இடி குளிர்ச்சியானது என்பது பாதி உண்மைதான். அதன் சூடு பின்பக்கம் போகிறது. காற்று இல்லாவிட்டால் டிரைவர் சீக்கிரம் செத்துப்போகும்.

மாட்டிய பிறகு

வயர்மேன் கிளம்பும் முன் டிபி பாக்ஸையும் பார்க்கச் சொல்லுங்க. ஆர்சிசிபி இருக்கிறதா, அதன் டி பொத்தானை அழுத்தினால் விழுகிறதா? விழவில்லை என்றால் புது விளக்கைவிட அதை மாற்றுவது அவசரம். மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்திப் பார்க்க வீட்டில் ஒருவருக்குக் கற்றுக்கொடுங்க. பேராக்கில் இடி மின்னலுக்குக் குறைச்சல் இல்லை. மின்னல் அழுத்தத்தில் எல்இடி டிரைவர் சுலபமாகப் போய்விடும். டிபி பாக்ஸில் இடம் இருந்தால் மின்னெழுச்சிக் காப்பு பொருத்துவது பற்றியும் கேளுங்க.

விளக்கு மினுக்குவது, சிலிங்கில் பழுப்பு வட்டம், பிளாஸ்டிக் கருகும் வாசனை, எம்சிபி அடிக்கடி விழுவது: இதில் ஒன்று தெரிந்தாலும் மெயினை அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடணும். புகையோ தீயோ தெரிந்தால் வெளியே வந்து 999. மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு விளக்கின் விலை இந்த வேலையில் சின்னப் பகுதிதான். பணம் தட்டுப்பாடாக இருந்தால் விளக்கின் எண்ணிக்கையைக் குறையுங்க, வகையை எளிமையாக்குங்க; வயர்மேன் கூலியைக் குறைக்காதீங்க. இந்த வாரம் வீட்டுக்குப் போன் பண்ணும்போது, என்ன விளக்கு வேணும் என்று கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்க: வீட்டு வயரிங்கைக் கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள்? சிலிங் என்ன பலகை? பதில் தெரியவில்லை என்றால், வாங்கும் பட்டனை அழுத்துவதற்கு முன் வயர்மேனை ஒருமுறை அனுப்பிவையுங்க.